வெயிலிலும் பிந்தும், குளிரிலும் பிந்தும்

சமையலறைச் சுவரில் தொங்கும் குவார்ட்ஸ் கடிகாரம் மே மாதத்தில் கொஞ்சம் பிந்தும். மாதத்துக்குப் பத்து, பதினைந்து நொடி இருக்கும். கவனிப்பவர்கள் குறைவு, கவனித்தவர்களும் பேட்டரி தீரப்போகிறது என்று மாற்றிவிடுவார்கள். புது பேட்டரி போட்ட பிறகும் அது பிந்திக்கொண்டுதான் இருக்கும். வெப்பத்தில் ஊசலின் தண்டு நீளும், நீண்டால் ஆட்டம் மெதுவாகும் என்று பள்ளியில் படித்த பாடம் நினைவுக்கு வரலாம். அந்தக் கணக்குப்படி, இதே கடிகாரத்தைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் மார்கழிக் குளிரில் மாட்டினால் முந்த வேண்டும். ஊசல் கடிகாரம் முந்தும். குவார்ட்ஸ் கடிகாரம் முந்தாது, அங்கேயும் பிந்தும். 38 டிகிரி செல்சியஸில் எவ்வளவு பிந்துமோ, 12 டிகிரியிலும் ஏறத்தாழ அவ்வளவே பிந்தும்.

விடை, ஒரு கல்லை எந்தக் கோணத்தில் அறுத்தார்கள் என்பதில் இருக்கிறது. கைக்கடிகாரத்திலிருந்து செல்பேசிக் கோபுரம் வரை அநேகமாக எல்லா மின்னணுக் கருவிகளும் அந்தக் கல்லை நம்பித்தான் ஓடுகின்றன. அதன் குணம் பிடிபட்டால், பழுதாகும்போது எங்கே கைவைப்பது என்பதும் பிடிபட்டுவிடும்.

குவார்ட்ஸ், மணலில் இருக்கும் அதே சிலிக்கன் டை ஆக்சைடுதான். அணுக்கள் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகம். அதை அழுத்தினால் அதன் முகங்களில் மின்னேற்றம் தோன்றுகிறது என்பதை 1880இல் பிரான்சில் ஜாக் கியூரி, பியர் கியூரி என்ற சகோதரர்கள் கண்டறிந்தார்கள். மறுதலையாக, மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் நூலிழையிலும் மிகச் சிறிய அளவு நெளியும். இதற்கு அழுத்தமின் விளைவு என்று பெயர். எந்தத் திடப்பொருளைத் தட்டினாலும் அதற்கென்று ஓர் இயல்பு அதிர்வெண் உண்டு. படிகம் அதிரும்போது எழும் மின்னழுத்தத்தை ஒரு பெருக்கி பெரிதாக்கி, சரியான தருணத்தில் படிகத்துக்கே திருப்பிக் கொடுத்தால் அதிர்வு ஓயாமல் நடக்கும். அதுதான் படிக அலையியற்றி. பட்டறைப் பேச்சில் கிரிஸ்டல் ஆசிலேட்டர். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க இயற்பியலர் வால்டர் கேடி இதைச் செய்துகாட்டினார். 1927இல் பெல் ஆய்வகத்தில் வாரன் மாரிசன் இதை வைத்து ஒரு கடிகாரமே கட்டினார்.

சுவர்க் கடிகாரத்தில் இருக்கும் கல் இரண்டு கொம்புள்ள இசைக்கவை வடிவத்தில் வெட்டப்பட்டது. நொடிக்கு 32,768 முறை அதிரும். அதைப் பாதியாக, மறுபடி பாதியாக என்று 15 முறை பிரித்தால் நொடிக்கு ஒரு துடிப்பு மிஞ்சும். சூடு ஏறும்போது குவார்ட்ஸின் விறைப்பு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி மாறுவதில்லை. ஒரு திசையில் இளகும், இன்னொரு திசையில் இறுகும். தகுந்த கோணத்தில் அறுத்தால் இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டும். ஆனால் முழுமையாக ஈடுகட்டுவது ஒரேயொரு வெப்பநிலையில்தான். கடிகாரக் கல்லுக்கு அது 25 டிகிரி. அங்கே அதிர்வெண் உச்சத்தில் இருக்கும். எந்தப் பக்கம் விலகினாலும் இறங்கும். 13 டிகிரி விலகினால் பத்து லட்சத்தில் கிட்டத்தட்ட 6 பங்கு குறையும். பத்து லட்சத்தில் ஒரு பங்கைப் பிபிஎம் என்பார்கள். 1 பிபிஎம் என்றால் நாளுக்கு 0.0864 நொடி, ஆண்டுக்கு ஏறக்குறைய அரை நிமிடம். ஆக 6 பிபிஎம் என்பது நாளுக்கு அரை நொடி, மாதத்துக்குப் பதினைந்து நொடி.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். கடிகாரத்தை ஒரு வாரம் அறையில் வைத்து எவ்வளவு நகர்கிறது என்று செல்பேசி நேரத்தோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். இரண்டு வாரக் கணக்குக்கும் இடையே ஏழெட்டு நொடி வித்தியாசம் வரும். முதல் வாரம் எதற்கு என்றால், எந்தக் கல்லும் தொழிற்சாலையிலிருந்து மிகச்சரியாக வெளிவருவதில்லை. அந்தப் பிறவிப் பிழையைக் கழித்தால்தான் குளிரின் பங்கு தனியாகத் தெரியும். கையில் கட்டிய கடிகாரம் சுவரில் மாட்டியதைவிடச் சரியாக ஓடுவதற்கும் இதுவே காரணம். உடம்பின் சூட்டுக்கும் அறையின் காற்றுக்கும் நடுவே அது உச்சிக்கு அருகிலேயே இருந்துவிடுகிறது.

வானொலி, கணினி, அளவைக் கருவி ஆகியவற்றில் இருப்பது இசைக்கவை அல்ல, மெல்லிய தகடு. அதன் மேல்முகம் ஒரு பக்கமும் கீழ்முகம் எதிர்ப்பக்கமும் வழுக்கி அதிரும். தகடு மெலிந்தால் அதிர்வெண் கூடும். 10 மெகாஹெர்ட்ஸ் தகட்டின் கனம் 0.17 மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. 1934இல் பெல் ஆய்வகத்தில் ஏடி-வெட்டு என்ற கோணத்தைக் கண்டுபிடித்தார்கள். படிகத்தின் அச்சிலிருந்து சுமார் 35 டிகிரி. அறை வெப்பநிலையைச் சுற்றி வெகு தூரத்துக்கு அதன் அதிர்வெண் அதிகம் மாறாது. இன்றும் சந்தையில் விற்கும் மெகாஹெர்ட்ஸ் கற்களில் பெரும்பாலானவை இந்த வெட்டுதான்.

போர்டில் ஒரு சின்ன உலோக டப்பாவைப் பார்த்தால் முதலில் படிக்க வேண்டியது அதன் மேல் பொறித்த எண். அந்த எண் டப்பாவின் குலத்தைச் சொல்லிவிடும். 4.433 என்றிருந்தால் அது பால் (PAL) முறைக் கலர் தொலைக்காட்சியின் நிறத் துணை அலை. நம் ஊர் டிவி மெக்கானிக்குகள் அதை ‘நாலு நாற்பத்திமூணு’ என்று கேட்டு வாங்கிய காலம் உண்டு. 11.0592 என்றால் 9600 போன்ற தொடர்வரிசைத் தகவல் வேகங்கள் மீதமின்றி வகுபட வேண்டும் என்று தேர்ந்தது. 8051 சிப்பில் நிரல் எழுதிப் பழகிய பொறியியல் மாணவர்களுக்கு இந்த எண் மனப்பாடம். 16.384 இருந்தால் தொலைபேசி இணைப்பகத்துப் பொருளாக இருக்கலாம், 2.048 மெகாபிட் இணைப்பின் எட்டு மடங்கு அது. 13.000 என்றால் ஜிஎஸ்எம் செல்பேசி. வெறும் 10.000 என்று எழுதி, டப்பாவும் தீப்பெட்டி அளவுக்குப் பெரிதாக, கையில் கனமாக இருந்தால் ஆவலோடு நிமிர்ந்து உட்காரலாம். அது துல்லிய வகையாக இருக்க வாய்ப்பு அதிகம்.

துல்லியத்தில் படிநிலைகள் உண்டு. சாதாரணக் கல் இருபது முப்பது பிபிஎம் வரை தவறும். அதற்கு மேலே டிசிஎக்ஸ்ஓ: உள்ளேயே வெப்பத்தை உணர்ந்து அதற்கேற்பத் திருத்தும் சுற்று இருக்கும், ஒன்றிரண்டு பிபிஎம்மோடு அடங்கும். அதற்கும் மேலே ஓசிஎக்ஸ்ஓ, அதாவது அடுப்புக்குள் வைத்த கல். வெப்பநிலை மாறினால் கல் தடம் மாறும் என்பதைத் தடுக்க முடியாவிட்டால், வெப்பநிலையே மாறாமல் பார்த்துக்கொள்ளலாம் அல்லவா? கல்லைச் சுற்றி ஒரு குட்டி அடுப்பு. பெரும்பாலும் 80 டிகிரியை ஒட்டி. கல்லின் உச்சி சரியாக அந்த வெப்பநிலையில் விழும்படி கோணம் பார்த்து அறுத்திருப்பார்கள். எந்த ஊர் வெயிலும் 80 டிகிரியை எட்டாது. அதனால் சூடாக்கினால் போதும், குளிரூட்ட வேண்டியதில்லை. இப்போது பிழையை நூறு கோடியில் சில பங்கு என்று பேசலாம். ஜிஎஸ்எம் கோபுரம் தன் அதிர்வெண்ணை 0.05 பிபிஎம்முக்குள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. 900 மெகாஹெர்ட்ஸில் வெறும் 45 ஹெர்ட்ஸ் இடைவெளி. கழித்துக்கட்டிய தொலைத்தொடர்புக் கருவிகளில் இத்தகைய டப்பாக்கள் கிடைப்பது அதனால்தான்.

அப்படிக் கிடைத்த, விவரத்தாள் இல்லாத ஒன்றை எப்படி அறிவது? அது இருந்த போர்டு கிடைத்தால் அதைவிட நல்ல வரைபடம் இல்லை. அகலமான தடமும் பக்கத்தில் பெரிய மின்தேக்கியும் எந்தப் பின்னுக்குப் போகின்றனவோ அது மின்வழங்கல். மெல்லிய தடம் ஒரு சிப்பின் மின்னழுத்த வெளியீட்டுக்குப் போனால், அந்தப் பின் அதிர்வெண்ணை மிக நுணுக்கமாகத் திருத்துவதற்கானது. போர்டு இல்லாவிட்டால் மல்டிமீட்டரை எடுத்து, உலோகக் கூட்டோடு எந்தப் பின் தொடர்பில் இருக்கிறது என்று பாருங்கள்; அதுதான் தரை. மின்னோட்டத்துக்கு வரம்பு வைக்கக்கூடிய பவர் சப்ளையை 5 வோல்ட்டிலிருந்து தொடங்குவது நல்லது. முனை மாற்றிக் கொடுத்தால் உள்ளே இருப்பது அத்தோடு போய்விடும் என்பதால் இந்த இடத்தில் அவசரம் கூடாது.

இணைத்த பின் வெளிவரும் அலையைப் பார்க்க ஓடாதீர்கள். மின்னோட்ட அளவியைப் பாருங்கள். டிசிஎக்ஸ்ஓ என்றால் சில மில்லியாம்பியரில் தொடங்கி அங்கேயே நிற்கும். ஓசிஎக்ஸ்ஓ என்றால் தொடக்கத்தில் 12 வோல்ட்டில் 300, 400 மில்லியாம்பியர் என்று இழுக்கும். ஒன்றிரண்டு நிமிடம் அசையாது. பிறகு எண்கள் இறங்கத் தொடங்கும், முதலில் வேகமாக, பின் தயங்கித் தயங்கி. கடைசியில் மூன்றில் ஒரு பங்குக்கு வந்து நிற்கும். டப்பாவைத் தொட்டால் இளஞ்சூடு. உள்ளே அடுப்பு வேண்டிய சூட்டை எட்டியது, கட்டுப்பாட்டுச் சுற்று வேலை செய்கிறது, காப்புறை சரியாக இருக்கிறது என்ற மூன்று செய்தியும் டப்பாவைத் திறக்காமலே கிடைத்துவிட்டன.

பழுதையும் இதே இறக்கம் காட்டிக்கொடுக்கும். மின்னோட்டம் ஏறவே இல்லை என்றால் சூடேற்றியின் பாதை அறுந்திருக்கிறது. ஹூலட் பேக்கர்டு 1980களில் தன் அளவைக் கருவிகளில் பரவலாக வைத்த 10811 என்ற ஓசிஎக்ஸ்ஓவில், சூடு மீறினால் அறுந்துபோகும் வெப்ப உருகி ஒன்று உண்டு. பழசாகும்போது காரணமில்லாமலும் அது அறுந்துவிடுவது பழுதுபார்ப்பவர்களுக்கு நன்கு தெரிந்த கதை. அடுப்பு அணைந்த பிறகும் வெளியே 10 மெகாஹெர்ட்ஸ் அலை அழகாக வந்துகொண்டிருக்கும். பல பிபிஎம் தள்ளி இருக்கும் என்பது மட்டும் திரையில் தெரியாது. மாறாக, மின்னோட்டம் இறங்காமல் உச்சத்திலேயே நின்றால் வெப்பத்தை உணரும் தெர்மிஸ்டரைச் சந்தேகிக்கலாம். அல்லது பவர் சப்ளைக்குத் தெம்பு போதாமல் அடுப்பு சூட்டை எட்டாமலே தவிக்கிறது.

சாதாரணக் கற்களின் பழுது வேறு விதம். போர்டு உயிர்பெறவில்லை, கல் செத்துவிட்டது என்று முடிவுகட்டுவதற்கு முன் புரோபைச் சந்தேகியுங்கள். ஆசிலாஸ்கோப்பின் ஒரு மடங்குப் புரோபைக் கல்லின் காலில் வைத்தால் நூறு பிகோஃபாரடை ஒட்டிய மின்தேக்கத்தை அங்கே தொங்கவிட்டதாக ஆகும். கல்லுக்கு இரு பக்கமும் இருக்கும் மின்தேக்கிகளே வெறும் 22 பிகோஃபாரட். இரண்டும் தொடராக நின்றால் 11, போர்டுத் தடங்கள் நாலைந்து சேர்த்தால் 16. கல் எந்த மின்தேக்கத்துக்கென்று செய்யப்பட்டதோ அதில்தான் சொன்ன அதிர்வெண்ணைத் தரும். ஒரு பிகோஃபாரட் மாறினாலும் சில பிபிஎம் முதல் பத்து, இருபது பிபிஎம் வரை நகரும். நூறை ஒரு காலில் ஏற்றினால் ஓடிக்கொண்டிருந்த கல்லும் நின்றுபோகலாம். பத்து மடங்குப் புரோப் தேவலை. சிப் அந்தக் கடிகார அலையை வேறொரு பின்னில் வெளியே தருமானால் அங்கே அளப்பதே சிறந்தது.

காலையில் கிளம்பாமல், மதியம் கிளம்பும் போர்டுகள் இன்னொரு தொல்லை. கல்லுக்கென்று ஓர் உள்தடை உண்டு: மெகாஹெர்ட்ஸ் கற்களில் சில பத்து ஓம், கடிகாரக் கல்லில் சில பத்தாயிரம் ஓம். பெருக்கி அதை வெல்ல வேண்டும், கொஞ்சம் மிச்சமும் இருக்க வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று அறிய ஒரு வழி: கல்லோடு தொடராக ஒரு மின்தடையை வைத்துப் பாருங்கள். உள்தடையைப் போல ஐந்து மடங்கு வரை சேர்த்தும் சுற்று கிளம்பினால் கவலையில்லை. இரண்டு மடங்கிலேயே நின்றால் அந்த வடிவமைப்பே விளிம்பில் ஓடுகிறது. கல்லை மாற்றிப் பயனில்லை. பற்றவைத்தபோது தங்கிய ஃபிளக்ஸ் பிசின், ஈரப்பதம் ஏறும் நாளில் லேசாக மின்கடத்தி, இந்த மிச்சத்தைத் தின்றுவிடும். கடற்கரை ஊர்களில் முதலில் செய்ய வேண்டியது கல்லின் காலடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைப்பதுதான்.

ஆனால் துடைக்கத்தான் வேண்டும். கடிகாரக் கல் இருக்கும் போர்டை மீயொலித் தொட்டியில் போட்டுக் கழுவக் கூடாது. அந்தத் தொட்டிகள் பெரும்பாலும் 40 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதிர்பவை, 32.768 கிலோஹெர்ட்ஸ் இசைக்கவை அந்த அதிர்வில் அளவுக்கு மீறி ஆடி, கொம்பு உடைந்துபோகும். உற்பத்தியாளர்கள் விவரத்தாளிலேயே எச்சரிக்கிறார்கள். கீழே விழுந்த கருவியிலும் இதே சேதம் நேரலாம்.

டப்பாவின் மூடி ஏன் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல காரணம் இருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் ரவையைப் பிசைந்து ஒட்டுவார்கள். ஒட்டிய எடைக்கு ஏற்ப நாதம் கீழே இறங்கும். குவார்ட்ஸ் தகட்டிலும் அதேதான், அளவு மட்டும் நம்ப முடியாத அளவுக்குச் சிறியது. 1959இல் ஜெர்மனியின் குந்தர் சௌயர்பிரை இந்த உறவை அளந்து நிறுவினார். 5 மெகாஹெர்ட்ஸ் தகட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 18 நானோகிராம் அழுக்குப் படிந்தால் அதிர்வெண் 1 ஹெர்ட்ஸ் இறங்கும். இதைத் தலைகீழாகப் பயன்படுத்தி, வெற்றிடத்தில் பூசும் மெல்லிய உலோகப் படலத்தின் கனத்தை இன்றும் அளக்கிறார்கள். கல் மூப்படைவது என்று சொல்வதில் ஒரு பங்கு, டப்பாவுக்குள்ளேயே இருக்கும் வாயு மூலக்கூறுகள் தகட்டில் படிவதும் அதிலிருந்து கழல்வதும்தான். மூடி கசிந்த கல் வேகமாக மூப்படையும்.

2018இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் புதிய எம்ஆர்ஐ கருவியை நிறுவும்போது ஹீலியம் கசிந்தது. கட்டடத்தில் ஐபோன்களும் ஆப்பிள் கைக்கடிகாரங்களும் நின்றுபோயின. ஆண்ட்ராய்டு போன்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. நின்றவற்றில் நேரம் காட்டியது குவார்ட்ஸ் அல்ல, சிலிக்கனில் செதுக்கிய நுண் அலையியற்றி. ஹீலியம் அணு மிகச் சிறியது. அந்த நுண் அறைக்குள் ஊடுருவி அதிர்வைக் குலைத்தது. சில நாள் காற்றோட்டத்தில் வைத்த பின் பெரும்பாலானவை மீண்டன. டப்பாவுக்குள் என்ன வகை இருக்கிறது என்று தெரியாமல் பழுதின் காரணத்தைத் தேடினால் திசை தப்பும் என்பதற்கு இதைவிடத் தெளிவான நிகழ்ச்சி எனக்குத் தெரியாது.

இனி எல்லாவற்றிலும் கடினமான கேள்வி. 10 மெகாஹெர்ட்ஸ் கல் ஒன்றை அதிர்வெண் கவுண்டரில் அளந்தால் 10,000,030 ஹெர்ட்ஸ் என்று காட்டுகிறது. 3 பிபிஎம் பிழை. பிழை யாருடையது? கவுண்டருக்குள்ளும் ஒரு கல் இருக்கிறது. அதுவும் தவறலாம். 1930களில் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் சந்தித்தார்கள். அன்று நேரத்துக்கு இறுதி அளவுகோல் பூமியின் சுழற்சி. பெர்லினில் ஷைபே, அடெல்ஸ்பெர்கர் இருவரும் பல குவார்ட்ஸ் கடிகாரங்களை ஓடவிட்டு நட்சத்திர நேரத்தோடு ஒப்பிட்டபோது, தனித்தனியாக ஓடிய கடிகாரங்கள் எல்லாம் பருவத்துக்குப் பருவம் ஒரே பக்கமாக விலகின. ஒன்றோடொன்று தொடர்பில்லாத கற்கள் சேர்ந்தாற்போல் ஒரே பிழை செய்ய முடியாது, விலகியது பூமி. பாரிஸில் நிக்கோலா ஸ்டாய்கோவும் 1937இல் அதையே கண்டார். ஒரு கல்லை வைத்துக்கொண்டு இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது.

மேசையிலும் அந்த நியாயமே செல்லும். வேறு வேறு வகையான மூன்று அலையியற்றிகளை ஒப்பிட்டால் தவறியது எது என்று தெரியும். இன்று அதைவிட எளிய வழி இருக்கிறது: ஜிபிஎஸ் ஏற்பி. செயற்கைக்கோள்களில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். ஏற்பி நொடிக்கு ஒன்றாகத் தரும் துடிப்பு பத்து, இருபது நானோநொடி தள்ளாடும் என்பது உண்மை. ஆனால் ஆயிரம் நொடிக்கு அளந்தால் அந்தத் தள்ளாட்டம் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் வெகு கீழே போய்விடும். அதைக் கொண்டு திருத்திய 10 மெகாஹெர்ட்ஸ் அலையை ஸ்கோப்பின் முதல் பாதையில் கொடுத்து, அதிலேயே ட்ரிகர் செய்து, சோதிக்க வேண்டிய அலையை இரண்டாவது பாதையில் பாருங்கள். இரண்டாவது அலை திரையில் மெல்ல நகரும். ஒரு முழு அலை, அதாவது 100 நானோநொடி, நகர 100 நொடி ஆனால் வித்தியாசம் நூறு கோடியில் ஒரு பங்கு. இடப்பக்கம் நகர்ந்தால் முந்துகிறது, வலப்பக்கமானால் பிந்துகிறது. இப்போது டப்பாவைக் கவிழ்த்து வைத்துப் பாருங்கள். நகரும் வேகம் மாறும். தகட்டின் சொந்த எடை அதன் பிடிகளில் இழுக்கும் திசை மாறியதற்கே அதிர்வெண் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் பெயர்கிறது. முதல்முறை பார்ப்பவர்களை இது அதிசயிக்கவைக்கும்.

நகர்கிறது என்று தெரிந்ததும் உடனே திருத்தத் தொடங்குவது தவறு. அணைத்து ஏற்றிய ஓசிஎக்ஸ்ஓ பழைய அதிர்வெண்ணுக்கு உடனே திரும்பாது. அடுப்பு பத்து நிமிடத்தில் சூடானாலும் கல்லும் அதன் பிடிகளும் நிலைக்கு வர நாட்கள், சிலவற்றில் வாரங்கள் ஆகும். 10811க்குச் சொல்லப்படும் மூப்பு, நாளுக்கு ஒரு லட்சம் கோடியில் 500 பங்குக்கும் குறைவு என்பது, தொடர்ந்து ஓடிய கருவிக்கு மட்டுமே பொருந்தும். ஓடவிட்டுக் காத்திருந்து, பிறகு திருத்தும் பின்னின் மின்னழுத்தத்தை மாற்றி, திரையில் அலை அசையாமல் நிற்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அந்த வோல்ட் எண்ணையும் தேதியையும் ஒரு சீட்டில் எழுதி டப்பாவின் மேல் ஒட்டுங்கள். அடுத்த ஆண்டும் அதையே செய்யுங்கள். 0 முதல் 4 வோல்ட் வரை திருத்தக்கூடிய ஒன்றில் போன ஆண்டு 2.1, இந்த ஆண்டு 2.6 என்றால், கல் எந்த வேகத்தில் மூப்படைகிறது, திருத்தும் எல்லையை எப்போது தொடும் என்று ஓரளவு கணக்குப் போட்டு, மாற்றுக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடலாம்.